சிறிய அடுக்குமாடி வீட்டில் தீபாவளிக்கு உறவினரை அழைத்தல்: எந்த ஏற்பாடு எவருக்குப் பொருந்தும்?

சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வாழும் நால்வர் குடும்பம் ஒன்று, தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தையும் தங்கை குடும்பத்தையும் இருபுறத்துப் பெற்றோரையும் அழைத்தால், வீட்டாரையும் சேர்த்து 16 பேர் ஆகிவிடுகிறார்கள். இது பெரிய கூட்டமன்று. ஒரு தலைமுறைக்கு முன் ஒரு சாதாரண வீட்டில் பண்டிகையன்று கூடியவர்களைவிடக் குறைவுதான். ஆயினும் "இத்தனை பேருக்கு நம் வீட்டில் இடம் ஏது?" என்ற தயக்கத்தால் பல வீடுகளிலிருந்து அந்த அழைப்பே போவதில்லை. அழைக்கலாமா வேண்டாமா என்று மனம் குழம்புவதைவிட, எந்த வகையில் அழைத்தால் வீடு தாங்கும், அழைத்தவரின் உடம்பும் தாங்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். அதற்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல.

முதலில் அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 850 சதுர அடி என்று விற்கப்பட்ட பழைய வீட்டில், சுவரின் கனமும் மாடிப்படி, லிஃப்ட் ஆகியவற்றின் பங்கும் போக, உள்ளே நடமாடக் கிடைப்பது ஏறக்குறைய 600 சதுர அடியாகத்தான் இருக்கும். உள்ளளவான கார்பெட் ஏரியாவைக் குறிப்பிட்டே விற்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்தான் கட்டாயமாக்கியது. ஆகவே பத்திரத்தில் உள்ள எண்ணை நம்பாமல், அளவுநாடாவை எடுத்துக் கூடத்தை அளந்துகொள்வதே சரி. பெரும்பாலான இத்தகைய வீடுகளில் கூடம் 10 அடிக்கு 14 அடி என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. இக்கட்டுரையில் வரும் கணக்குகளுக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் தரையளவு மட்டுமே தீர்மானிக்கும் விஷயம் இதில் குறைவு. தீபாவளியின் அன்றாட ஒழுங்கு, திண்ணையும் முற்றமும் பின்கட்டும் கிணற்றடியும் உள்ள வீடுகளில் உருவானது. அங்கே கிணற்றடியில் நான்கு பேர் ஒரே சமயத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கலாம். கொல்லையில் மூன்று கல்லை வைத்து வெந்நீருக்கென்று தனி அடுப்பு மூட்டலாம். சமையற்கட்டு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுக்குமாடி வீட்டில் குளியலறையும் கீசரும் இரட்டை அடுப்பும் ஒருவர் விட்டபின் ஒருவர் பயன்படுத்த வேண்டியவை. நெரிசல் பிறக்கும் இடம் இதுதான். எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும், இந்த மூன்றின் முன்னால் எத்தனை பேர் எத்தனை மணிக்கு வரிசையில் நிற்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்னிரவே வந்து தங்குவது

இதுவே எல்லோரும் ஆசைப்படும் ஏற்பாடு. எல்லோரும் அஞ்சும் ஏற்பாடும் இதுவே. இரவு முழுவதும் பேச்சு, விடியற்காலையில் பெரியவர்கள் கையால் தலையில் எண்ணெய், புத்தாடை, தீபாவளி மருந்து, பிறகு தெருவில் வெடி என்று பண்டிகையின் உயிரான பகுதி முழுவதும் விடிவதற்கு முன்னும் பின்னுமான நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. மதியம் வருகிறவர்களுக்கு இது எதுவும் கிடைப்பதில்லை.

படுக்கத்தான் இடமிருக்காது என்று பலரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் எளிதில் தீர்கிறது. ஒருவர் பாய் விரித்துப் படுக்க ஆறடிக்கு இரண்டரை அடி போதும். சோஃபாவையும் டீப்பாயையும் ஓர் ஓரமாக ஒதுக்கினால் கூடத்தில் ஏழு பேரும், இரண்டு அறைகளிலும் கட்டிலும் தரையுமாக ஒன்பது பேரும் படுக்கலாம். குழந்தைகள் அதையே கொண்டாட்டமாக எடுத்துக்கொள்வார்கள்.

சிக்கல் விடியற்காலையில் தொடங்குகிறது. வீடுகளில் அதிகம் காணப்படும் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர், 28 டிகிரியில் இருக்கும் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 17 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த நீரைத் தண்ணீரோடு விளாவினால் ஏறக்குறைய 40 லிட்டர், அதாவது நடுத்தர வாளியில் இரண்டரை வாளி கிடைக்கும். எண்ணெயும் சீயக்காயும் போக ஒருவர் குளிப்பதற்கு அது சரியாக இருக்கும். எனவே அவசரக் குளியல்காரரானாலும் நிதானமானவரானாலும், கீசர் ஒன்றென்றால் ஆளுக்கு 17 நிமிடம் என்பது மாறாத கணக்கு. 16 பேருக்கு அது நான்கரை மணி நேரம் ஆகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் வெடி வெடிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் அந்த நேரம் வகுக்கப்பட்டது. பிள்ளைகள் காலை ஆறு மணிக்குப் புத்தாடையோடு வாசலில் நிற்க வேண்டுமென்றால், நான்கு மணிக்குத் தொடங்கினாலும் அதற்குள் ஏழு பேர்தான் குளித்து முடித்திருப்பார்கள்.

பெரிய பாத்திரத்தில் அடுப்பில் வெந்நீர் வைத்தால் இரண்டாவது குளியலறையும் பயன்படும், நேரமும் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் அடுப்பில் அப்போது வேறு வேலை இருக்கிறது. தட்டுக்கு நான்காக நான்கு தட்டு உள்ள இட்லிப் பானையில் ஓர் ஈட்டுக்கு 16 இட்லி. 16 பேருக்கு ஆளுக்கு ஐந்து என்று வைத்தால் 80 இட்லி. ஐந்து ஈடு எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இன்னோர் அடுப்பில் கறிக்குழம்போ சாம்பாரோ சட்னிக்கான தாளிப்போ இருக்கும். ஆகவே வெந்நீரை அடுப்பில் வைப்பதென்றால் அது நாலரை மணிக்குள் முடிய வேண்டும். இல்லையேல் இண்டக்‌ஷன் அடுப்பொன்றை வேறு அறையில் தனியே வைக்க வேண்டும். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பழைய வீட்டின் மின்கம்பி தாங்குமா என்பதை முன்கூட்டியே மின்பணியாளரிடம் கேட்டுவைப்பது நல்லது. பண்டிகையன்று காலை ஐந்து மணிக்கு அவர் கிடைக்கமாட்டார்.

இந்த ஏற்பாட்டில் அழுத்திச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. நல்லெண்ணெய் சொட்டிய டைல்ஸ் தரையில் முதியவர்கள் வழுக்கி விழும் ஆபத்து மிக அதிகம். பத்துப் பேர் எண்ணெய்க் காலோடு நடந்த குளியலறைக்கு எழுபது வயதுக்காரரை அனுப்புவது தவறு. முதியவர்களை முதலில் குளிக்கச் செய்து, இளையவர்களைப் பிறகு அனுப்பி, இடையிடையே ஒருவர் சீயக்காய்த் தூளோ சோப்புத் தூளோ போட்டுத் தரையைத் தேய்த்துவிட வேண்டும். எண்ணெய் தேய்ப்பதைக் கூடத்தில் பழைய பாயின் மேல் முடித்துக்கொண்டால் பாதி ஆபத்து நீங்கும். குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டி எத்தனை மணிக்கு நிரப்பப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்; எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும் நாள் அது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரண்டு குளியலறையும் ஒரு கீசரும் உள்ள வீடு வீட்டாரையும் சேர்த்துப் பத்துப் பேரை மனநிறைவோடு தாங்கும். கீசரில் ஐவர், அடுப்பு வெந்நீரில் ஐவர் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் குளியல் முடிந்துவிடும். பத்துக்கு மேல் போனால் காலை முழுவதும் வரிசையிலேயே கழியும். அந்தப் பத்துக்குள் யாருக்கு முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை: முதியவர்களுக்கும், நகரில் வேறு வீடில்லாத வெளியூர்க்காரர்களுக்கும். வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே "இந்த ஆண்டு எங்கள் வீட்டில்தான்" என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். முன்பதிவு திறக்கும் காலையில் தயங்கி நின்றவருக்குத் தீபாவளிக்கு முந்தைய நாள் இருக்கை கிடைப்பது அரிது.

இடத்தைப் பெருக்க இதில் ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் இயல்பாகவே அது நடக்கும். எதிர்வீட்டாரோ மேல்மாடியாரோ சொந்த ஊருக்குப் போகிறவர்களாக இருந்தால், பலர் சாவியைத் தயங்காமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு குளியலறையும் ஒரு கீசரும் கூடுதலாகக் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறிவிடும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் அங்கே சமையல் வேண்டாம், பூஜையறைப் பக்கம் பிள்ளைகள் போக வேண்டாம், திருப்பித் தரும்போது வீடு துடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற மூன்றையும் பிடிவாதமாகக் காக்க வேண்டும்.

குளியலை முடித்துக்கொண்டு மதியத்துக்கு வருவது

உறவினர் எல்லோரும் ஒரே நகரில் இருந்தால், கூடுதலாக யோசிக்காமல் இதையே தேர்ந்துகொள்ளலாம். எண்ணெய்க் குளியலும் காலைப் பலகாரமும் அவரவர் வீட்டில். பதினொன்றரை மணிக்கு மேல் கூடுதல். பந்தி, ஓய்வு, மாலைக் காபி, வெடி நேரத்துக்குமுன் வீடு திரும்புதல். குளியலறைச் சிக்கல் அறவே இல்லை. எஞ்சுவது அடுப்பும் கூடமும் மட்டுமே.

கூடத்தின் கணக்கைப் பார்ப்போம். தரையில் இலை போட்டு உட்காரும் ஒருவருக்கு அகலத்தில் இரண்டடியும் நீளத்தில் மூன்றரை அடியும் வேண்டும். எதிரெதிராக இரண்டு வரிசை என்றால் ஏழடி. பரிமாறுபவர் குனிந்து நடக்க நடுவில் மூன்றடி. பத்தடி அகலக் கூடம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. 14 அடி நீளத்தில் வாசற்கதவும் சமையலறை வழியும் போக வரிசைக்கு ஐந்து பேர். ஆக ஒரு பந்திக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில், இரண்டு பந்தியில் 16 பேரும் உண்டு எழுந்துவிடலாம். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர்கள் நான்கு பேர் இருந்தால், ஒரு வரிசைக்குப் பதிலாக உணவு மேசையைச் சுவரோரம் போட்டுக்கொள்ளலாம். அப்போது அவர்கள் தனியறையில் அமர்ந்து உண்ணும் நிலை வராது. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு கண்டிப்பான கருத்து உண்டு. சமைத்தவர் முதல் பந்தியில் உட்கார வேண்டும். சிறிய வீடுகளின் விருந்துகளில், காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர் எல்லோரும் உண்டபின், மூன்று மணிக்கு, ஆறிய சோற்றையும் அடிக்குழம்பையும் தனியாக உண்பது வழக்கமாகிவிட்டது; பெரும்பாலும் அவர் அந்த வீட்டு மருமகளாகவோ தாயாகவோ இருப்பார். கூடம் சிறியதாக இருப்பதால் பந்தி பிரியும்போதெல்லாம் அவரே பின்னால் தள்ளப்படுகிறார். இரண்டு பந்தி என்று முடிவானதுமே, முதல் பந்தியில் முதியவர்கள், குழந்தைகள், சமைத்தவர் என்றும், பரிமாறி முடித்து இரண்டாம் பந்தியில் உட்காருபவர்கள் ஆண்களும் இளையவர்களும் என்றும் பெயர் சொல்லியே தீர்மானித்துவிடலாம். பரிமாறத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாத அளவுக்கு எளிய வேலைதான் அது.

அடுப்பைப் பொறுத்தவரை, 16 பேருக்கு மதியத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ அரிசி வேண்டும். 5 லிட்டர் குக்கரில் முக்கால் கிலோவுக்கு மேல் வைப்பது நல்லதன்று. எனவே மூன்று முறை வைக்க வேண்டியிருக்கும். பத்து லிட்டர் குக்கரை யாரிடமாவது ஒரு நாளைக்குக் கடன் வாங்கினால் ஓர் அடுப்பு ஒரு மணி நேரம் முன்னதாக விடுபடும். உறவினர் வீட்டிலிருந்து பகிர்ந்து கொண்டுவருவதென்றால், எதைக் கொண்டுவரச் சொல்கிறோம் என்பதில் கவனம் தேவை. பாயசம், தயிர்வடை, புளியோதரை, வறுவல் ஆகியவை பயணத்தைத் தாங்கும். உளுந்து வடை, அப்பளம், ரசம் ஆகியவை இங்கேயே சூடாகச் செய்ய வேண்டியவை. சோற்றை ஒருபோதும் வெளியிலிருந்து வரவழைக்கக் கூடாது. வழியில் நேரம் தவறினால் பந்தி முழுவதும் நின்றுவிடும்.

அசைவம் உண்ணும் குடும்பங்கள் ஒன்றை முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். தீபாவளியன்று காலை கறிக்குழம்பு என்பது பலருக்கு மாறாத வழக்கம். ஆனால் அமாவாசை அன்றே சேர்ந்து வரும் ஆண்டுகளில் சிலர் அசைவம் தொடமாட்டார்கள், கேதார கௌரி நோன்பு இருப்பவர்களும் உண்டு. சம்பந்தி வீட்டாரை முதன்முறையாக அழைக்கும்போது இதைக் கேட்காமல் விட்டால், இரட்டை அடுப்பு உள்ள சமையலறையில் இருவகைச் சமையலைத் தனித்தனியாகச் செய்யும் நெருக்கடி பதினோரு மணிக்கு வந்து நிற்கும்.

உணவுக்குப்பின் வரும் இரண்டு மணி நேரத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. உண்டவர்களுக்குச் சற்றுச் சாய இடம் வேண்டும். ஒரு படுக்கையறையைக் காலையிலிருந்தே காலியாக வைத்து, பைகளையும் துணிக்கடைப் பொட்டலங்களையும் இனிப்புப் பெட்டிகளையும் அந்தக் கட்டிலில் குவியவிடாமல் தடுத்தாலே முதியவர்கள் நால்வர் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். வாசலில் சேரும் காலணிகளுக்கும் ஒரு பழைய கோணியோ தட்டோ வைத்து, பொதுநடையை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நடையில் பக்கத்து வீட்டு விருந்தினரும் வந்து போவார்கள்.

மாலையில் பகுதி பகுதியாக வந்து போவது

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களிடம் இது நன்கு வேரூன்றிய முறை. மலேசியாவில் திறந்த இல்ல உபசரிப்பு என்றே பெயர் பெற்று, மலாய், சீன நண்பர்களும் வந்து உண்டு செல்லும் வழக்கமாக அது வளர்ந்திருக்கிறது. வருகிறவர் முக்கால் மணி நேரம் இருந்து, பலகாரம் உண்டு, அடுத்தவருக்கு இடம்விட்டுக் கிளம்புவார். ஒரே சமயத்தில் வீட்டில் ஆறேழு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்பதால், அளவில் மிகச் சிறிய வீட்டுக்கும் இது ஒத்துவரும்.

அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார், பிள்ளைகளின் ஆசிரியர்கள் ஆகியோருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடில்லை. உடன்பிறந்தாருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தம்பி வந்து கிளம்பியபின் தங்கை வந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை என்றாகிறது. கூடுவதற்கென்று அழைத்ததன் பொருளே போய்விடுகிறது. இரவு 7 முதல் 8 வரை தெருவெங்கும் வெடி இருப்பதால், குழந்தைகளையும் இரு சக்கர வண்டியையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வருவதும் போவதும் பாதுகாப்பில்லை. நான்கு மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துக்கொள்வது அல்லது மறுநாள் மாலைக்கு வைத்துக்கொள்வது ஏற்றது.

மொட்டை மாடியும் வாடகைக் கூடமும்

"மாடியில் ஷாமியானா போட்டுவிடலாம்" என்ற யோசனை எல்லாக் குடும்பங்களிலும் எழும். பொங்கலுக்கு அது அருமையான யோசனை. தீபாவளிக்கு அது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அவற்றுள் நவம்பரே உச்சம். 2015-இல் தீபாவளி நவம்பர் 10 அன்று வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கடலோர மாவட்டங்களைப் பெருமழையில் ஆழ்த்தியது. அவ்வளவு தீவிரமாக வராவிட்டாலும், பந்தி போட்ட நேரத்தில் அரை மணி நேர மழை பெய்தாலே 16 பேரும் இலையோடு கீழே ஓடி வர வேண்டியதுதான்.

மழை இல்லாத ஆண்டில் வேறோர் ஆபத்து வருகிறது. வானில் போகும் ராக்கெட்டுகள் இறங்குமிடம் மொட்டை மாடிகளே. அங்கே துணிப் பந்தலைக் கட்டி அதன் கீழ் குழந்தைகளை உட்கார வைப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. பெரும்பாலான குடியிருப்புகளில் லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடுகிறது; மொட்டை மாடிக்கு இன்னும் ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டி கீழேயே இருந்துவிடுவார். அவருக்குத் துணையாக ஒரு மருமகளும் இருப்பார். மாடி எல்லாக் குடியிருப்பாளருக்கும் பொதுவானது என்பதால் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும்.

இவை எதுவும் ஜனவரி நடுவில் இல்லை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், வெடி இராது. மாட்டுப் பொங்கலன்றோ காணும் பொங்கலன்றோ மாடியில் முப்பது பேரைக்கூட உட்கார வைத்துவிடலாம். பெரிய கூடலைப் பொங்கலுக்கும் சிறிய கூடலைத் தீபாவளிக்கும் என்று ஒரு குடும்பம் பிரித்து வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் எழும் வாதம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாடகைக்கு எடுக்கும் சிறு மண்டபம், மாநகராட்சியின் சமுதாய நலக்கூடம், குடியிருப்புச் சங்கத்தின் பொது அறை ஆகியவை முப்பது பேரைத் தாண்டும்போதுதான் பொருளுள்ளவை. 16 பேருக்காக எடுத்தால் இடத்தின் வெறுமையே முன்னால் நிற்கும். சமைத்ததைத் தூக்கிச் செல்வதும் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் கூடுதல் வேலை. உணவகத்தில் கூடுவது குறித்து நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சமையல் பாரம் இல்லை என்பது அதன் ஒரே நன்மை. ஊழியர்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் பல உணவகங்கள் குறைந்த ஆட்களோடுதான் இயங்குகின்றன. உண்டு முடித்ததும் எழுந்து இடம்விட வேண்டும். குழந்தைகள் ஓடியாட இடமிருக்காது. பாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால், சமையல்காரரிடம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்து வீட்டுக்கே வரவழைப்பது இதைவிட எவ்வளவோ மேல். சோற்றை மட்டும் நாம் வடித்துக்கொள்ளலாம்.

நாளை மாற்றிக்கொள்வது

இந்த வழிக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். பண்டிகை அன்றே கூடினால்தான் கூடியதாகும் என்று நினைக்கிறோம். ஆனால் எல்லோருக்கும் அந்த நாள் கையில் இருப்பதில்லை. துணிக்கடையில் வேலை செய்பவர் முந்தைய நள்ளிரவு வரை கடையில் நிற்கிறார். செவிலியருக்கும் காவலருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் பண்டிகை நாள்தான் கடுமையான பணி நாள். புதிதாக மணமானவர்கள் தலைதீபாவளிக்குப் பெண் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதை மாற்ற முடியாது, மாற்றச் சொல்வதும் முறையன்று. அந்த ஆண்டில் இறப்பு நிகழ்ந்த குடும்பத்தார் பண்டிகை கொண்டாடமாட்டார்கள். தீபாவளியன்று அழைத்தால் வரவும் முடியாது, மறுக்கவும் மனம் வராது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்று சொன்னால், அவர்கள் சங்கடமில்லாமல் வந்து உட்காருவார்கள். தனிமையில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஆண்டில் அதுவே கிடைக்கும் ஒரே குடும்ப விருந்தாகவும் இருக்கலாம்.

நாட்காட்டியும் இதற்குச் சில ஆண்டுகளில் துணை செய்கிறது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. தமிழ்நாடு அரசு வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக அறிவித்ததால் நான்கு நாள் கிடைத்தது. சனிக்கிழமை கூடுவதில் எவருக்கும் இடரில்லை. 2025-இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. அப்போது முந்தைய ஞாயிறே பொருத்தம். மாறிய நாளில் எண்ணெய்க் குளியல் அவசரமில்லை, ரயிலில் நெரிசல் குறைவு, காய்கறியும் பூவும் பண்டிகை விலையில் இல்லை. இழப்பது விடியற்காலையை மட்டும்தான். ஆனால் அது சிறிய இழப்பன்று; குழந்தைகள் உள்ள குடும்பத்தில் அதை உணராமல் இருக்க முடியாது.

முதலில் சொன்ன 16 பேர் குடும்பத்துக்குத் திரும்பினால், ஒரே ஏற்பாட்டை எல்லோருக்கும் பொதுவாக்குவதே பிழை என்று சொல்வேன். இருபுறத்துப் பெற்றோர் நால்வரும் முந்தைய நாள் மாலையே வந்துவிடட்டும். வீட்டார் நால்வரோடு எட்டு. தம்பி குடும்பம் வெளியூராக இருந்தால் பிள்ளைகள் இருவரை மட்டும் இங்கே சேர்த்தால் பத்து. தம்பியும் மனைவியும் எதிர்வீட்டிலோ தங்கை வீட்டிலோ படுத்துக்கொள்ளலாம். உள்ளூர்த் தங்கை குடும்பம் குளித்து முடித்துப் பாயசத்தோடு பதினொன்றரைக்கு வரட்டும். நண்பர்களும் அக்கம்பக்கமும் மறுநாள் மாலை. அழைக்கும்போதே எத்தனை மணிக்கு வர வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும், எங்கே படுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று பெரிய வீட்டில் சொல்லலாம். சிறிய வீட்டில் அப்படிச் சொன்னால் வருகிறவருக்குத்தான் சங்கடம்.

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் புதிய குடியிருப்புகளில் உள்ளதுபோல் ஏறக்குறைய 400 சதுர அடி வீடாக இருந்தால், மேலே உள்ள எண்களைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். அங்கே இரவு தங்கலுக்கு முதியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மதியப் பந்தியை ஐந்தைந்து பேராக மூன்று முறை போடுவது நடக்கக்கூடியதே. அதற்கு மதியம் 12 மணிக்கே முதல் இலை விழ வேண்டும். அப்படியானால் காலைப் பலகாரத்தை எட்டு மணிக்குள் முடித்து, அடுப்பைச் சோற்றுக்கு விட்டுவிட வேண்டும்.